மாடியில் எரிந்த எண்

இப்போதெல்லாம் எவனுக்கும் தன் உடம்பு மேல் நம்பிக்கை கிடையாது. கழுத்தில் கையை வைத்துப் பார்த்துக் காய்ச்சல் என்று சொன்னால் நம்ப மாட்டான். நூத்தி ரெண்டு என்று ஒரு எண் வர வேண்டும், அப்போதுதான் படுப்பான். வெயில் மண்டையைப் பிளக்கும், நின்றுகொண்டே பக்கத்து ஆளிடம் நேத்து டிவியில் எத்தனை டிகிரி சொன்னான் என்று கேட்பான். வேர்க்குதா இல்லையா, அதைப் பாருடா என்றால் கிழவனுக்கு ஒன்றும் தெரியாது என்று சிரிப்பு. எண்ணைச் சொல்லுகிறவன் யார், அது எதை எண்ணிய எண், ஒருத்தனும் கேட்பதில்லை. எங்கள் தெருவில் பழமலையும் கேட்கவில்லை.

நான் மூன்றாவது வரை படித்தவன். விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைக் கம்பெனிகளுக்கு வைக்கோல் போடுவது என் பிழைப்பு. சுட்ட பொம்மையை அப்படியே பெட்டியில் வைத்து லாரியில் ஏற்றினால் சேலம் போவதற்குள் தூளாகிவிடும். அடியில் வைக்கோல், நடுவில் வைக்கோல், மேலே வைக்கோல். அறுப்பு முடிந்ததும் திட்டக்குடி மங்களூர் பக்கமும் ஸ்ரீமுஷ்ணம் பக்கமும் களத்துக்களம் போய்ப் பேசி வண்டி போட்டுக் கொண்டுவருவேன். நானே ஸ்ரீமுஷ்ணத்துக்காரன்தான். அதனால் பழமலையின் பெண்டாட்டி சுலோச்சனா என்னைப் பெரிப்பா என்பாள், அவளும் அந்த ஊர். அந்த உறவில் பழமலைக்கு நான் மாமா. அவர்கள் வீடும் என் வீடும் ஒரே சுவர்.

பழமலை ஜெயராஜ் கம்பெனியில் சூளை எரிக்கிறவன். ஆயிலில் எரிகிற சூளை. பர்னரைத் திறந்துவிட்டு, சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பக்கத்திலேயே நிற்க வேண்டும். முன்பெல்லாம் பொழுது சாயும்போது கொளுத்தி விடிவதற்குள் முடிப்பார்கள். பகல் வெயிலில் சூளைக்கு முன்னால் மனுசன் நிற்க முடியாது என்பது ஒன்று, புகை வருகிறது என்று எங்கள் தெருக்காரர்கள் போய்ச் சண்டை போட்டது ஒன்று. ஆயில் என்றால் நல்ல ஆயில் என்று நினைக்க வேண்டாம். லாரி செட்டில் வடித்த கழிவு ஆயிலும் அதில் கலந்திருக்கும். அந்தப் புகை கொடியில் காயும் வேட்டியில் புள்ளி புள்ளியாக ஒட்டும், சோப்புக்குப் போகாது.

சுலோச்சனா எளப்புக்காரி, டாக்டர் ஆஸ்துமா என்பார். கல்யாணமாகி வந்தபோது ஓடி ஓடி வேலை செய்த பெண். மகள் யுவஸ்ரீ பிறந்த பிறகு எளப்பு பிடித்துக்கொண்டது. பனிக்காலத்தில் கொஞ்சம் வரும், கோடையில் அதிகம் வரும். வீட்டில் உட்கார்ந்து, சுடாத பச்சைப் பொம்மைக்குப் பிசிறு சீவிக் கொடுப்பாள். அச்சிலிருந்து எடுத்த பொம்மைக்கு ரெண்டு பக்கமும் ஒரு கோடு நிற்கும். அதைக் கத்தியால் வழித்து, ஈரப் பஞ்சால் துடைத்து, பலகையில் வரிசையாக அடுக்குவாள். யானை, மயில், பிள்ளையார். வழித்த தூசி கோலமாவு மாதிரி அவள் மடியில் கிடக்கும். தூசியில் உட்கார்ந்துகொண்டு கத்திரிக்காய்க் குழம்பும் தின்றால் எளப்பு வராமல் என்ன செய்யும் என்று நான் திட்டுவேன்.

"கத்திரிக்காய வுட்டுட்டேன் பெரிப்பா. தூசிய வுட்டா சோத்துக்கு உங்க வைக்கோலத்தான் திங்கணும்" என்பாள்.

அது ரெண்டாயிரத்து ஒன்பதாம் வருசம். மாசி மகம் முடிந்த கையோடு அவளுக்கு எளப்பு பெரிசாக வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மழைக்காலம் வரைக்கும் புகையில்லாத இடத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கோடை தாங்காது என்று டாக்டர் சொன்னார். அவள் தம்பி நந்தகுமார் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்து, கத்திரி வெயில் தொடங்குவதற்கு முன் அழைத்துப் போகிறேன் என்று பேசிவிட்டுப் போனான். பழமலையும் சரி என்றான். புடவைகளை மடித்து ஒயர் கூடையில் வைத்து, கூடையைக் கதவு மூலையில் தயாராக வைத்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் மெஷின் வந்தது.

கொண்டுவந்தவன் வெற்றிவேல். திட்டக்குடி பையன், சென்னையில் ஏதோ காலேஜில் ஆராய்ச்சி. நல்ல பிள்ளை, வெற்றிலை போடுகிற என் பக்கத்தில் உட்காரக் கூச்சப்படாதவன். பெரிய பட்டணங்களில் ஓசோன் என்ற காற்று இத்தனைக்கு மேல் போகக் கூடாது என்று புதுசாகச் சட்டம் வரப்போகிறதாம். அதை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்று அங்கே மண்டையை உடைத்துக்கொள்கிறார்களாம். பட்டணத்தில் வண்டிப் புகை, இங்கே சூளைப் புகை, ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வந்திருக்கிறான். ஓசோன் வானத்தில் இருப்பது அல்லவா என்று டீக்கடைத் தங்கராசு தன் படிப்பைக் காட்டினான். மேலே இருந்தால் நல்லது, தரையில் இருந்தால் தொண்டையையும் நெஞ்சையும் அறுக்கும் என்றான் பையன். அது எந்தக் குழாயிலிருந்தும் வருவதில்லை, புகையும் வெயிலும் சேர்ந்து நடுப்பகலில் தானாக உண்டாவது என்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கண்ணுக்குத் தெரியாதது, வாசனை இல்லாதது, குழாயில் வராதது, ஆனால் இருக்கிறது என்றால் எப்படி.

மெஷினை எந்த மாடியில் வைப்பது என்று ஜெயராஜ்தான் சொன்னான். பழமலை வீட்டுக்கு மொட்டை மாடி இருக்கிறது, மாடிப்படி முடிகிற இடத்தில் சின்ன ரூம் இருக்கிறது, கரண்டு இருக்கிறது. அவன் கம்பெனிப் புகைக்குழாய்க்கு நேர் எதிரே இருக்கிறது என்பதை அவன் சொல்லவில்லை. நான் சொன்னேன். பையன் தலையாட்டிவிட்டு, அதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான் என்றான்.

மெஷின் பீரோவில் பாதி உயரம். வெள்ளைக் குழாய் ஒன்று சன்னல் வழியாக வெளியே நீட்டியிருக்கும். முகப்பில் சிவப்பாக ஒரு எண் எரியும். ஐம்பதைத் தாண்டினால் நல்லதில்லை, அதுவும் எட்டு மணி நேரம் தொடர்ந்து தாண்டி நின்றால் குற்றம் என்று புரிந்துகொண்டோம். முதல் நாட்களில் காலையில் பதினைந்து இருபது என்று தூங்கிக்கொண்டிருக்கும். வெயில் ஏற ஏற அதுவும் ஏறி, உச்சிவெயிலில் ஐம்பத்தெட்டு, அறுபது. தெருவில் புகையே இல்லாத பகலில் அறுபது. சட்டம் வந்தால் பட்டணத்தில் காரை நிறுத்த மாட்டான், முதலில் வந்து என் சூளையைத்தான் மூடுவான் என்று ஜெயராஜ் கம்பெனி வாசலில் புலம்பினான்.

ஒருநாள் அவசரமாகக் கேட்ட சரக்குக்காகக் காலையிலேயே சூளையைக் கொளுத்தினார்கள். கிழக்கே இருந்து காற்று. புகை முழுக்கத் தெருவுக்குள் படுத்தது. பெண்கள் துணியை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அன்றைக்கு உச்சிவெயிலில் மாடியில் எரிந்த எண் எட்டு.

ஜெயராஜ் மெஷின் கெட்டுப்போச்சு என்றான். கெடவில்லை என்றான் பையன். சூளை வாயிலிருந்து புதுசாக வருகிற புகை, பக்கத்தில் இருக்கிற ஓசோனைத் தின்றுவிடும். அந்தப் புகையே காற்றில் போய், வெயிலில் வெந்து, ஏழெட்டு மைல் தள்ளி மறுபடியும் ஓசோனாகும். அதனால் இங்கே குறையும், வெளியே ஏறும்.

"பெத்ததும் அதுதான், தின்னறதும் அதுதானா. பூனை மாரி இருக்குது தம்பி" என்றான் தங்கராசு.

பையன் சிரித்தான். இது ஓசோனை மட்டும்தான் பார்க்கும், புகையில் வேறு எத்தனையோ இருக்கிறது என்றும் சொன்னான். சொன்னதை நான் கேட்டேன், அதனால் சொல்லவில்லை என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஜெயராஜ் அதற்குள் எழுந்து போய்விட்டான். அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து சூளை பகலுக்கு மாறியது. விடிகாலையில் கொளுத்தி, வெயில் இறங்குகிற வரைக்கும். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் ரெண்டு பேரும் அப்படியே செய்தார்கள். எண் ஏறாமல் இருக்க வேண்டும் என்றால் புகை நிற்கக் கூடாது. தெருக்காரர்கள் கேட்டதற்கு மாடியைக் காட்டினான். எட்டு, பத்து, பன்னிரண்டு. பட்டணத்தில் எவனும் இப்படிச் சுத்தமாக வைக்க முடியாது என்றான். மாடிக்குப் போய்ப் பார்த்தவர்கள் இறங்கி வரும்போது வாயை மூடிக்கொண்டு வந்தார்கள். வேட்டியில் புள்ளி இருக்கிறதே என்றால், புள்ளி வேறு, காற்று வேறு என்று எனக்கே சொல்லிக் கொடுத்தார்கள்.

பழமலை அந்த எண்ணைச் சாமி மாதிரி பார்த்தான். சூளையை எண்ணைப் பார்த்து ஏற்றி இறக்கிப் பழகியவன். மீட்டரில் முள் நின்ற இடத்தில் உள்ளே சூடு நிற்கும், கோன் சாய்கிற நேரத்தில் பொம்மை வெந்திருக்கும். எண் ஒருநாளும் அவனை ஏமாற்றியதில்லை. கோன் என்பது சூளைக்குள் வைக்கிற சின்ன மண் கூம்பு. சூடு முழுசாக ஏறினால் மெழுகுவத்தி மாதிரி தலை சாயும். அவ்வளவு நம்பிக்கையாக வேலை செய்தவனுக்கு இது மட்டும் பொய் சொல்லும் என்று எப்படித் தோன்றும்.

வெற்றிவேல் கைமெஷின் ஒன்றும் வைத்திருந்தான். அக்கம்பக்கத்து ஊர்களில் அளக்கப் போவான். ஸ்ரீமுஷ்ணம் போகிறேன் என்றபோது பழமலை அவனைத் தனியாகக் கூப்பிட்டு, மச்சான் வீட்டுப் பக்கம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவரச் சொன்னான். பையன் பார்த்துவந்து உள்ளதைச் சொன்னான். அறுபத்திரண்டு.

நந்தகுமார் அக்காளை அழைத்துப் போக வந்த அன்று நான் அங்கே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, சூளை இல்லை. கேழ்வரகுக் கூழும் மோர்மிளகாயும் வைத்திருந்தாள். நந்தகுமார் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு ஒயர் கூடையை எடுத்தான். பழமலை அதைக் கையிலிருந்து வாங்கி மறுபடியும் மூலையில் வைத்தான்.

"அவ வரல மச்சான்."

"ஏன், என்னா ஆச்சி?"

"உங்க ஊரு காத்து சரியில்ல. அறுவத்திரண்டு இருக்குது. இங்க பத்துகூட இல்ல."

நந்தகுமார் என்னைப் பார்த்தான். அக்காள் புருசனுக்கு வெயில் ஏறிவிட்டதா என்கிற மாதிரி. எங்க ஊர்ல வயக்காடும் ஏரியும்தான இருக்குது, சூளையா இருக்குது என்று கேட்டான். இங்கேயிருந்து போகிற புகைதான் அங்கே வந்து விஷமாகிறது, படித்த பையன் சொன்னான் என்று பழமலை சொன்னான். புகை போய்ச் சேருகிற இடம் விஷம், புகை கிளம்புகிற இடம் சுத்தமா என்று நந்தகுமார் கேட்டான். ஆமாம் என்றான் பழமலை. அதை வாய்விட்டுச் சொன்னபோது அவனுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். மாடிக்கு வா, காட்டுகிறேன் என்று மச்சானை இழுத்துக்கொண்டு போனான். அன்றைக்குப் பார்த்து சூளை இல்லை. எண் ஐம்பத்தாறு.

"பாத்தியா மச்சான், எரிக்காத அன்னிக்கி எப்படி ஏறுது."

ரெண்டு பேரும் இறங்கி வந்தார்கள். அனுப்பிவை, எண்ணை வைத்துக்கொண்டு நீ குடித்தனம் பண்ணு என்று நான் பழமலையிடம் சொன்னேன். உங்களுக்கு இது புரியாது மாமா என்றான். அவன் கெட்டவன் இல்லை. பெண்டாட்டி மேல் உயிரை வைத்திருந்தவன். அதனால்தான் பயந்தான்.

சுலோச்சனா அதுவரைக்கும் ஒரு யானையின் தும்பிக்கைக்கு அடியில் பிசிறு சீவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எண்ணு நல்லாத்தான் இருக்குது. எனக்குத்தான் நல்லா இல்ல" என்றாள்.

யானையைப் பலகையில் வைத்துவிட்டு, நீ போடா தம்பி, புள்ளைக்குப் பள்ளிக்கூடம் முடியட்டும், அப்புறம் பாக்கலாம் என்றாள். நந்தகுமார் வெறுங்கையோடு பஸ் ஏறினான்.

அதற்கப்புறம் தினமும் அவளுக்குச் சன்னலைத் திறந்து மூடுவதே வேலை. பழமலை காலையில் சூளைக்குப் போகும்போது கிழக்குச் சன்னலைத் திறந்துவைக்கச் சொல்லிவிட்டுப் போவான். சூளைப் பக்கத்துச் சன்னல். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் மூடச் சொல்லுவான். அவளும் அப்படியே செய்தாள். வாயில் வைத்து அடிக்கிற மருந்து டப்பா வாரத்துக்கு ஒன்று என்று ஆனது. மாடிப்படி ஏற முடியாமல் போனபிறகு யுவஸ்ரீ ஏறிப் பார்த்துவிட்டு எண்ணைச் சொல்லும். ஒன்பது என்று கேட்டால் இவள் கொஞ்சம் மூச்சை இழுத்துப் பார்ப்பாள், வருகிறதா என்று. வராது. வராவிட்டால் தன் மேல்தான் சந்தேகப்பட்டாள். நல்ல காத்து இருந்தும் எனக்கு எறங்க மாட்டேங்குதே பெரிப்பா, நெஞ்சு அவ்ளோ மோசமாப் போச்சா என்று கேட்டாள். நான் எழுந்து கிழக்குச் சன்னலைச் சாத்தினேன். நான் போனதும் திறந்திருப்பாள்.

கத்திரி பிறந்து நாலைந்து நாளில், பகல் சோற்று நேரத்தில் யுவஸ்ரீ சுவரைத் தட்டியது. நான் போனபோது சுலோச்சனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு கறுத்திருந்தது. தோள் ரெண்டும் ஏறி இறங்குகிறது, மூச்சு மட்டும் உள்ளே போகவில்லை. பலகை நிறையப் பிள்ளையார்கள் ஈரமாக இருந்தார்கள். தங்கராசுவை ஆட்டோ பிடிக்கச் சொல்லிவிட்டு நான் சூளைக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் இந்த வயதில் என்ன ஓட்டம், வேகமாக நடந்தேன். புகை தெருவில் இடுப்பு உயரத்துக்குக் கிடந்தது.

பழமலை சூளைத் துளையில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னதும் முகம் மாறிப்போய் என்னைப் பார்த்தான். அடுத்து அவன் கேட்டதை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

"எண்ணு எவ்ளோ மாமா?"

அவன் திரும்பி மறுபடி துளையைப் பார்த்தான். இன்னும் கோன் சாயல என்றான், யாரிடமோ சொல்லுவது மாதிரி. பாதியில் விட்டால் சூளை முழுக்கச் சரக்கு பாழ். பிறகு கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். பர்னரை மூடினானா திறந்தபடி விட்டானா, எனக்குத் தெரியாது.

ஆட்டோவில் அவன் மடியில்தான் படுத்திருந்தாள். பாலக்கரை தாண்டும்போது தோள் ஏறுவது நின்றது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள்.

உடம்பைக் கொண்டுவந்து கிடத்தி, ஆட்களுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, நான் மாடிக்கு ஏறிப் பார்த்தேன். ஏன் ஏறினேன் என்று தெரியவில்லை. சூளை இன்னும் புகைந்துகொண்டிருந்தது. வேறு ஆளைப் போட்டிருந்தார்கள். மெஷினில் ஏழு எரிந்தது. அவ்வளவு நல்ல காற்றில்தான் அவள் போனாள்.

ஜெயராஜ் மாலை கொண்டுவந்து போட்டான். பிறவியிலேயே வீக்கு நெஞ்சு என்று வந்தவர்களிடம் சொன்னான். பிறவியில் இல்லை என்று நந்தகுமார் எழுந்தபோது நாலு பேர் பிடித்து உட்காரவைத்தார்கள். வெற்றிவேல் விஷயம் கேள்விப்பட்டுச் சென்னையிலிருந்து வந்தான். என் வீட்டு வாசலில் நின்று அழுதான்.

"மெஷின் தப்பா சொல்லலைங்கய்யா. நாம கேட்ட கேள்விக்குத்தான் அது பதில் சொல்லுச்சி."

அதற்கு மேல் அவன் என்னென்னவோ விளக்கினான். புகைத்தூள், கந்தகம், சூளைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அதுதான் எமன், ஓசோன் குறைகிறது என்று புகையை விடுவது எந்த ஊர்ச் சட்டத்திலும் இல்லை. எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஸ்ரீமுஷ்ணத்தில் அறுபத்திரண்டு என்பதும் நிஜம்தானா என்று கேட்டேன். நிஜம் என்றான். அப்போ அங்கே போயிருந்தால் என்று கேட்டேன். தெரியலைங்கய்யா, ஆனா இங்கேயிருந்ததுக்கு அது பரவாயில்ல என்றான். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அன்றைக்கு யாரும் அவனை இதைக் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு பழமலை என்னிடம் வந்து, மணவாளநல்லூருக்குத் துணைக்கு வாங்க மாமா என்றான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அநியாயம் நடந்து போலீசிலும் கோர்ட்டிலும் தீராது என்றால் அந்த ஊர்க் கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டுவோம். காகிதத்தில் குறையை எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னிதி வேலில் கட்டிவிட்டு வந்தால் சாமி விசாரிக்கும். மாட்டைத் திருடினவன், நிலத்தை அமுக்கினவன் எல்லாம் அந்தப் பயத்தில் தானாக வந்து நின்றிருக்கிறான்.

ரெண்டு பேரும் வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனோம். கோயிலில் எழுதிக் கொடுக்கிற ஆள் ஒருவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பழமலை பேர், அப்பன் பேர், ஊர் எல்லாம் சொன்னான். பெண்டாட்டி செத்துப்போனாள் என்றான். அவர் எழுதினார்.

"எதிராளி பேரச் சொல்லுப்பா."

ஜெயராஜ் என்று சொல்லுடா என்று நான் சொன்னேன்.

"அவன் பகல்ல எரிக்கச் சொன்னான் மாமா. சன்னலத் தொறந்துவையின்னு நான்தான சொன்னேன்."

"அப்ப அந்தப் பையன் பேர எழுது."

"அவன் உள்ளதத்தான சொன்னான்."

எழுதுகிறவர் பேனாவை மூடினார். எதிராளி இல்லாமல் பிராது எழுத முடியாது, சாமி யாரைப் போய் விசாரிக்கும் என்று பொறுமையாகவே கேட்டார். அப்படியென்றால் மெஷின் பேரைப் போடுங்க என்றான் பழமலை. அவர் என்னைப் பார்த்தார். அதுக்கு அப்பன் பேர், ஊர் சொல்லணுமேப்பா என்றார். கேலி பண்ணவில்லை, அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

பழமலை காகிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். பிறகு என்னைக் கேட்டான்.

"நீங்க சொல்லுங்க மாமா. அவங்க ஊருக்கு அனுப்பியிருந்தா பொழச்சிருப்பாளா?"

பொழச்சிருக்க மாட்டாள், விதி என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். எனக்கு அப்படிப் பேச வராது.

"எனக்குத் தெரியாதுப்பா" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். அந்தக் காகிதத்தோடு அங்கேயே உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டுப் பார்த்தேன், வரவில்லை. சைக்கிளை அவனுக்கு விட்டுவிட்டு நான் நடந்தேன்.

ஊருக்குள் நுழையும்போது வெயில் உச்சியில் இருந்தது. மூன்று குழாயும் புகைந்துகொண்டிருந்தது. மெஷினை இன்னும் எடுக்கவில்லை, மழைக்காலம் வரைக்கும் இருக்குமாம். டீக்கடையில் வெளியூர் லாரிக்காரன் ஒருத்தன் மூக்கைச் சுளித்துக்கொண்டு இங்கே எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தான். தங்கராசு அவனுக்கு டீ ஆற்றிக்கொண்டே மாடியைக் காட்டினான்.

"நாத்தம் இருக்கும். ஆனா காத்து சுத்தம்ணே. இன்னிக்கி எட்டுதான். இல்லிங்களா பெரியவரே?"

நான் துண்டை மூக்கில் வைத்துக் கட்டிக்கொண்டு நடந்தேன்.